வருங்காலத்தவரின் நீர்ப்பங்கு: மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

நீர்வளத் திட்டமிடல் பொறியியலாளருக்கும் புவியியலாளருக்கும் உரிய துறை என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். ஆண்டுக்கு எவ்வளவு மழை பெய்கிறது, குளங்கள் எவ்வளவு நீரைத் தாங்கும், எத்தனை ஏக்கர் நிலத்துக்கு அது போதும், இன்னும் முப்பது ஆண்டுகளில் எத்தனை பேருக்குக் குடிநீர் வேண்டும் என்பன யாவும் அளந்தும் கணித்தும் அறியத்தக்கவை. அளந்தறியத்தக்க ஒரு பொருளில் மெய்யியல் மாணவனுக்கு என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நீண்டகாலத் திட்டம் எந்த ஆண்டுவரை நோக்க வேண்டும் என்பதை மழைமானி கூறுவதில்லை. பற்றாக்குறை நேரும்போது எவருடைய தேவையை முதலிற் கொள்வது, எவருடையதை ஒத்திவைப்பது என்பதையும் அது கூறுவதில்லை. இவை மனிதர் செய்யும் தெரிவுகள். தெரிவுள்ள இடத்தில் அறவியலும் வந்து சேர்கிறது. ஆகவே இங்கு இரு வினாக்கள் எழுகின்றன. இன்னும் பிறவாத ஒருவருக்கு நீரை விட்டுவைக்கும் கடமை இன்று வாழும் நமக்கு உண்டா? உண்டெனின், அக்கடமையை நிறைவேற்றும் பொருட்டு இன்று வாழ்வோருள் எவர் எதனை விட்டுக்கொடுத்தல் வேண்டும்? முதலாம் வினா மெய்யியல் நூல்களில் விரிவாக ஆராயப்பட்டது. இரண்டாம் வினாவோ பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்படுவது. எதிர்காலத்தின் பெயரால் இடப்படும் திட்டம் நிகழ்காலத்தில் வலிமை குன்றியவரின் பங்கையே முதலிற் குறைத்துவிடும் அபாயம் இருப்பதால், இவ்விரு வினாக்களையும் ஒருங்கே நோக்குதல் அவசியமாகின்றது. மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான களமாகும்.

வாவியும் அதன் இரு கரைகளும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைவரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடற்கரையை அடுத்துக் கிடக்கின்றது. சூரியன் எழும் திசையிலுள்ள ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை எனவும், அது படும் திசையிலுள்ள வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கப்படுகின்றன. மக்கள் செறிந்து வாழ்வது எழுவான்கரையில். நெல் விளைவதும் பெருங்குளங்கள் அமைந்திருப்பதும் படுவான்கரையில். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்கள் மேற்கிலிருந்து வரும் நீரைத் தேக்கி வயல்களுக்கு வழங்குகின்றன. எஞ்சிய நீரும் வயல்களின் வடிநீரும் வாவியை அடைந்து, நகருக்கு அண்மையிலுள்ள பாலமீன்மடுவிலும் தெற்கே கல்லாற்றிலும் உள்ள முகத்துவாரங்கள் வழியாகக் கடலைச் சேர்கின்றன.

ஆண்டு மழைவீழ்ச்சி சராசரியாக 1,650 மில்லிமீற்றர் அளவில் உள்ளது. இது குறைவான அளவன்று. ஆயின் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் வரண்டவை. ஆண்டுக்கு ஆண்டும் மழை ஒருபடித்தாய் இருப்பதில்லை. 1957 டிசெம்பரிலும் 2011 ஜனவரியிலும் இப்பிரதேசம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2016-17 பெரும்போகத்திலோ நாடளாவிய கடும் வரட்சியால் நெற்செய்கை பெரிதும் பாதிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் மூழ்குவதும் வாடுவதுமாய் உள்ள ஒரு நிலப்பரப்பில் ‘சராசரி’ என்னும் எண் எந்த ஒரு விவசாயியின் எந்த ஓர் ஆண்டையும் குறிப்பதில்லை. திட்டமிடுவோன் சராசரியை எழுதும்போது, பற்றாக்குறை ஆண்டில் நட்டத்தை யார் தாங்குவது என்னும் வினாவை எழுதாமல் விட்டுவிடுகிறான்.

எழுவான்கரையின் நீர்நிலை வேறு வகையானது. மணலில் ஊறும் மழைநீர், கடலினதும் வாவியினதும் உவர்நீருக்கு மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கின்றது. மணலைத் தோண்டிய பூவலிலும் வீட்டுக் கிணற்றிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக அள்ளிப் பருகியது இந்நீரையே. இப்படலத்தின் இயல்பை நீரியலார் ஒரு விகிதத்தால் விளக்குவர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுதலை அச்சம் தருவது: மேலே ஓர் அடி நீர் நிலையாகக் குறையின், கீழே உவர்நீர் நாற்பது அடி மேலேறி வரக்கூடும். கண்ணுக்குத் தெரியும் சிறு குறைவு, கண்ணுக்குத் தெரியாத பெரும் இழப்பின் அடையாளமாகின்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையோரக் கிணறுகள் சில நிமிடங்களில் உவர்த்துப் போயின. கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததனால் உப்பு விரைந்து நீங்கிவிடவில்லை. பின்வந்த மாரிமழைகளே அவற்றைப் படிப்படியாகத் தேற்றின. இயற்கை தன் வேகத்திலேயே கொடுக்கிறது, நம் அவசரத்துக்கேற்ப அன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இவ்வகை நெருக்கடிகளோடு, சிறு காணியொன்றில் கிணறும் மலகூடக் குழியும் சில மீற்றர் இடைவெளியில் அமைய நேர்ந்த சனநெருக்கமும் சேர்ந்தமையால், எழுவான்கரை வெளியிலிருந்து குடிநீரை எதிர்பார்க்க வேண்டிய நிலை உருவாயிற்று. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி எழுவான்கரை ஊர்களுக்கு வழங்கப்படுவது அதன் விளைவாகும். இது பெரும் நன்மை தந்த முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் இதனோடு ஓர் அறவியல் மாற்றமும் நிகழ்ந்துள்ளது. தன் வளவுக் கிணற்றில் அள்ளியவன் நீரின் ஏற்ற இறக்கத்தைக் கயிற்றின் நீளத்தால் அறிந்திருந்தான். குழாயைத் திறப்பவனுக்கு அந்நீர் எக்குளத்தினது, அக்குளத்தை நம்பி விதைத்தவர் யாவர் என்பது தெரிவதில்லை. தம் அயலிலுள்ள குளத்து நீர் நகருக்குச் செல்லத் தமக்குக் குழாய்நீர் கிடைக்கவில்லையே என்னும் குறையை உன்னிச்சைப் பகுதிக் கிராமத்தவர் பலமுறை எழுப்பியமை ஈண்டு நினைக்கத்தக்கது. தூரத்து நகரின் வருங்காலத் தேவை திட்ட ஏட்டில் ஏறியது. அருகிலிருந்தோரின் நிகழ்காலத் தேவை பின்தங்கியது.

கேள்வியும் தேவையும்

பொருளியல் கற்போர் நிரம்பல், கேள்வி என்னும் இரு சொற்களை நன்கு அறிவர். நீர்த்திட்டங்களும் வருங்கால நிரம்பலையும் வருங்காலக் கேள்வியையும் மதிப்பிட்டு, இரண்டுக்குமிடையிலுள்ள இடைவெளியை எவ்வாறு மூடுவது என்றே ஆராய்கின்றன. கேள்வி என்னும் சொல் இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. கேட்க வாயும் கொடுக்கப் பணமும் உள்ளவரின் விருப்பமே சந்தையில் கேள்வியாகின்றது. தேவையோ கேட்டாலும் கேளாவிட்டாலும் உள்ளது. இருபது குடம் நீரால் தோட்டம் நனைக்க விரும்புவோனது கேள்வி பெரிது; ஒரு குடம் குடிநீருக்காக ஒரு கட்டை தூரம் நடக்கும் பெண்ணின் கேள்வி சிறிது. தேவையின் கனத்தை நோக்கின் வரிசை தலைகீழாகும். பிறவாதாரின் கேள்வியோ பூச்சியம். அவர் கேட்க இன்னும் வரவேயில்லை.

வருங்காலக் கேள்வியை மதிப்பிடுவது எத்துணைக் கடினமானது என்பதற்கு இம்மாவட்டமே சான்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 3,30,000. 2001ஆம் ஆண்டு மதிப்பீடு யுத்தம் காரணமாக இங்கு முழுமையாக நடைபெறவில்லை. அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012இல் நிகழ்ந்தபோது தொகை ஏறத்தாழ 5,26,000 ஆக இருந்தது. இடைப்பட்ட முப்பத்தொரு ஆண்டுகளில் இடப்பெயர்வும் இறப்பும் ஆழிப்பேரலையும் மீள்குடியேற்றமும் நிகழ்ந்தன. 1981இல் அமர்ந்து 2012ஐக் கணித்திருக்கக்கூடியவர் எவரும் இல்லை. ஆகவே முப்பது ஆண்டுத் திட்டத்தை எதிர்வுகூறலாகக் கொள்ளுதல் தவறு. அதனை ஒரு வாக்குறுதியாகக் கொள்ளுதலே பொருந்தும். எது நிகழும் என்று நாம் கூற இயலாது. எது நிகழினும் இன்னதைச் செய்யோம், இன்னதைக் காப்போம் என்று கூற இயலும்.

கேள்வி என்பது இயற்கைத் தரவன்று என்பதை ஒரு சிறு கணக்காலும் காட்டலாம். ஓர் ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு ஐந்து ஏக்கரடி நீர் விடப்படுகிறதெனக் கொள்வோம். அது ஏறத்தாழ 62 இலட்சம் லீற்றராகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் வீதம் கணக்கிட்டால், அவ்வோர் ஏக்கரின் நீர் ஏறத்தாழ 140 பேரின் ஓராண்டு வீட்டுத் தேவைக்குப் போதும். இதனைக் கொண்டு நெற்செய்கையைக் குறைத்துவிடலாம் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். அந்நெல்லையும் அந்த 140 பேரே உண்கின்றனர். ஆயின் ஐந்து ஏக்கரடியில் ஒன்றைச் சிக்கனப்படுத்தினால் எத்துணைப் பேரின் தேவை நிறைவுறும் என்பதை இக்கணக்கு காட்டுகின்றது. கேள்வி நாம் பழகிய பழக்கத்தின் அளவு. பழக்கம் மாறினால் அதுவும் மாறும்.

இன்னுமொரு கணக்கு நம் தீர்ப்பைத் திரிக்கவல்லது. வருங்கால நன்மையை இன்றைய பெறுமதிக்குக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் பொருளியலில் உண்டு. ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்னும் வீதத்தில் கழித்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் நூறு ரூபாவின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 85 சதமே. வணிக முதலீட்டில் இம்முறைக்கு நியாயம் இருக்கலாம். ஆயின் அதே வீதத்தை நீருக்குப் பிரயோகித்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வாழும் நூறு பேரின் தாகம் இன்று வாழும் ஒருவரின் தாகத்துக்கும் ஈடாகாது என்னும் முடிவுக்கே வருகிறோம். பிற்காலத்தில் பிறந்தமை ஒருவரின் தாகத்தைச் சிறிதாக்கும் காரணமாகாது. ஊர் வேறுபாட்டால் ஒருவரைக் குறைத்து மதிப்பது அநீதி என்று ஏற்கும் நாம், காலவேறுபாட்டால் குறைத்து மதிப்பதை மட்டும் கணிதம் என்று ஏற்றுக்கொள்வது முரண்பாடாகும்.

கல்லோயா தரும் பாடங்கள்

இவ்வினாக்கள் வெறும் நூலறிவு சார்ந்தவை அல்ல என்பதற்கு வாவியின் தென்மேற்கே எழுந்த கல்லோயாத் திட்டம் சான்றாகின்றது. பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, சுதந்திர இலங்கையின் முதலாவது பாரிய பல்நோக்குத் திட்டமாக 1949இல் அது தொடங்கப்பட்டது. சேனநாயக்க சமுத்திரம் 7,70,000 ஏக்கரடி கொள்ளளவு உடையதாக அமைக்கப்பட்டது. ஆயின் எதிர்பார்த்த நீர்வரவு கிடைக்கவில்லை. நீர்த்தேக்கம் நிறைந்து வழிந்த ஆண்டுகள் மிகச் சிலவே. புவியியலறிஞர் பி. எச். ஃபார்மர் தலைமையிலான மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970இல் வெளிவந்தபோது, திட்டத்தின் செலவு அதன் பயனிலும் மிக்கதென்றே அக்குழு கண்டது. அளவீட்டில் ஏற்பட்ட தவறு ஏட்டில் நில்லாது வாய்க்காலின் கடைக்கோடி வயல்களில் வெடித்த நிலமாகத் தோன்றியது. தலைப்பில் இருந்தவர் வேண்டியமட்டும் பாய்ச்சக் கடைக்கோடியில் இருந்தவருக்கு நீர் எட்டவில்லை.

அத்திட்டம் நீரை மட்டுமன்றி மக்களையும் இடமாற்றியது. எவர் எங்கே குடியேறுவது என்னும் முடிவும் அதனுள் அடங்கியிருந்தது. 1956இல் கல்லோயாப் பள்ளத்தாக்கில் இனவன்செயல் வெடித்தமையும், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையும் இவ்வரலாற்றின் பகுதிகள். நீர்த்திட்டம் ஒன்று அதிகாரத்தையும் பங்கிடுகிறது என்பதை மறந்து, அதனை வெறும் பொறியியலாகக் காட்டுவது உண்மையை மறைப்பதாகும்.

இதே கல்லோயாவில் வேறொரு பாடமும் உண்டு. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து 1980களின் தொடக்கத்தில் இடதுகரையில் விவசாயிகளின் சிறு குழுக்களை அமைத்தன. 1981இல் சிறுபோகத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் காற்பங்கு நீரே இருந்தது. அந்நிலையில், தலைப்பிலிருந்த விவசாயிகள் தம் பங்கில் மிச்சம்பிடித்த நீரைக் கடைக்கோடி நோக்கி விட்டனர். தலைப்பிலிருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைக்கோடியிலிருந்தோருள் தமிழர் பலர். நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். பின்னர் 1997இல், இருக்கும் நீர் 15,000 ஏக்கருக்கே போதும் என்று அதிகாரிகள் கருதிய ஒரு சிறுபோகத்தில், பங்கிட்டுப் பாய்ச்சி ஏறத்தாழ 65,000 ஏக்கரில் விவசாயிகள் விளைவு கண்டனர் என்றும் அவ்வாய்வாளர் எழுதியுள்ளனர். அணை அதுவே, மழையும் கூடவில்லை. பக்கத்து வாய்க்காலில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொண்டமையும், அவர்மேல் தமக்குக் கடப்பாடு உண்டென உணர்ந்தமையுமே வேறுபாட்டை விளைவித்தன.

பிறவாதார்க்குக் கடன் உண்டா?

பக்கத்து வாய்க்காற்காரனை ஒருமுறையேனும் கண்ணாற் காணலாம். பிறவாதானைக் காண இயலாது. அவன்மேல் கடப்பாடு எவ்வாறு தோன்றும்? ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் இதற்கொரு வழி கூறினார். தாம் எத்தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதை அறியாத நிலையில் மனிதர் கூடி விதிசெய்வாராயின், எத்தலைமுறையும் தன் முன்னோர் தனக்கு விட்டுச் சென்றிருக்க வேண்டுமெனத் தான் விரும்பும் அளவைத் தன் பின்னோர்க்கு விட்டுச் செல்லும் விதியையே ஏற்பர் என்பது அவர் கருத்தின் சாரம். படுவான்கரைக் குளமொன்றின் கட்டில் நிற்பவர் எவருக்கும் இது விளங்கும். அக்குளத்தை முதலில் வெட்டியவரின் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவர்க்கும் தெரிந்திருக்க வழியில்லை. வாவிக்கு மேற்கே மாதுறு ஓயா அணை 1980களின் தொடக்கத்தில் கட்டப்பட்டபோது, புதிய அணைக்குத் தெரிந்த அதே இடத்தில் பண்டைய அணையும் அதன் துரிசும் மண்ணுள் புதைந்து கிடக்கக் கண்டனர். நாம் பெற்ற நன்மைக்கு, தந்தவரிடம் நன்றி திருப்பிச் செலுத்த வழியில்லை. அது முன்னோக்கியே செலுத்தப்படலாம். புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்குமாறு அறிவுறுத்துவதும் இச்சிந்தனை நம் மரபில் பழையதென்பதைக் காட்டும்.

டெரெக் பாஃபிட் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 1984இல் இதற்கு ஒரு கடுமையான தடையை எழுப்பினார். நாம் மேற்கொள்ளும் கொள்கைகளே எதிர்காலத்தில் எவர் பிறப்பர் என்பதையும் தீர்மானிக்கின்றன. அங்ஙனமாயின், வேறு கொள்கையைக் கைக்கொண்டிருந்தால் பிறந்தே இராத ஒருவர், இக்கொள்கையால் தமக்குத் தீங்கு நேர்ந்தது என்று எவ்வாறு முறையிட முடியும்? கல்லோயாவை நினைத்தால் இவ்வாதம் வெறும் மூளைப் பயிற்சியன்று என்பது புலப்படும். குடியேற்றத்தால் ஊர் மாறி, அதனால் மணங்கள் மாறி, பிறந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். அத்திட்டம் இல்லையேல் அவர்களும் இல்லை.

இத்தடைக்கு விடை, கடமையின் பொருளை மாற்றி அமைப்பதில் உள்ளதென்று தோன்றுகின்றது. நாம் பெயர் குறித்த ஒருவருக்குக் கடன்படவில்லை. எவர் வரினும் அவர்க்குக் கடன்பட்டுள்ளோம். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர், வரப்போகிறவர் யார் என்று கேட்பதில்லை. பந்தலிலுள்ள பானையில் நஞ்சு கலந்தவன், வேறு நாளில் வைத்திருந்தால் வேறொருவரன்றோ பருகியிருப்பார் என்று வாதாடித் தப்ப முடியாது. எழுவான்கரை மணலின்கீழ் உள்ள நன்னீர்ப் படலமும் அத்தகைய பானையே. அடுத்து வந்து குடம் தாழ்த்துபவர் எவராயினும், அவர் கையில் உவர்நீர் வருமாறு செய்ய நமக்கு உரிமையில்லை.

இவ்வாறு நோக்கும்போது முற்கூறிய இரு வினாக்களும் ஒன்றாகின்றன. பிறவாதார், கடைக்கோடி விவசாயி, குடம் சுமக்கும் பெண் ஆகிய மூவரும் ஒரு வகையில் ஒத்தவர். முடிவெடுக்கும் கூட்டத்தில் இம்மூவருக்கும் இருக்கை இல்லை. இல்லாதவரை மறவாதிருத்தல் என்னும் ஒரே பண்பே மூவருக்கும் நீதி செய்யும். கண்முன் நிற்கும் கடைக்கோடிக்காரரை மறந்த திட்டம், கண்ணுக்குத் தெரியாத பேரப்பிள்ளையை நினைத்துக்கொள்ளும் என்று நம்ப இடமில்லை.

வாவியும் ஒரு பங்காளி

இல்லாதவர் பட்டியலில் இன்னுமொன்று சேர்க்கத்தக்கது, அது வாவியே. மழைநீரில் ஒரு துளியேனும் மக்களுக்குப் பயன்படாது கடலைச் சேரலாகாது என்பது முதலாம் பராக்கிரமபாகுவின் கொள்கை எனச் சூளவம்சம் கூறும். நாட்டின் நீர்ப்பாசனச் சிந்தனைக்கு இது ஒரு மந்திரம் போலாயிற்று. ‘வீணே கடலில் கலக்கும் நீர்’ என்னும் தொடரை இன்றும் மேடைகளிற் கேட்கிறோம். ஆயின் வாவியோரத்தில் இத்தொடர் பொருந்துவதில்லை. கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் முகத்துவாரத்தால் உட்புகுந்து, நன்னீரும் உவர்நீரும் கலந்த வாவியிலேயே வளர்கின்றன. கண்டற் காடுகள் நிலைப்பதும் அக்கலப்பினாலேயே. மேலிருந்து வரும் நன்னீர் குறையின் வாவி உவர்த்துத் தேங்கும். மீனவன் வலை வெறுமையாகும். வீண் என்று நாம் கூறியது அவனது உணவாக இருந்தது.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்னும் வழக்கு இதனைத் தெளிவாக்கும். கோடையில் மணல்மேடு வாயை அடைத்துக்கொள்கிறது. மாரியில் நீர் ஏறும்போது, வயல் மூழ்கிய விவசாயி அதனை உடனே வெட்டுமாறு வேண்டுவான். வாவி நீர் ஒரேயடியாக வடிந்தால் மீன்வளம் கடலோடு போய்விடும் என்று மீனவன் அஞ்சுவான். இருவரும் தத்தம் வகையில் சரியே கூறுகின்றனர். சரியும் தவறும் மோதுமிடத்தில் தீர்ப்பு எளிது. சரியும் சரியும் மோதுமிடத்திலேயே முன்கூட்டிய உடன்பாடு வேண்டப்படுகின்றது. உறுகாமத்தையும் கித்துளையும் இணைத்துப் பெரிய நீர்த்தேக்கமாக்கும் யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகின்றது. அதனால் வெள்ளம் தணியலாம், பாசனமும் பெருகலாம். ஆயினும் அவ்விடத்தும் வாவிக்கு எவ்வளவு நீர், எம்மாதத்தில் என்னும் வினாவுக்குத் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே விடை இருத்தல் வேண்டும். எஞ்சினால் விடுவோம் என்பது விடையாகாது.

சில எதிர்வாதங்கள்

இன்று தாகித்திருப்பவரை விட்டு நாளை பிறப்பவர்க்குச் சேமிப்பது அறமாகுமா என்பது வலுவான வாதம். வறிய பிரதேசமொன்றில் அதனைப் புறக்கணிக்க முடியாது. ஆயின் இப்பிரதேசத்தில் வருங்காலத்தவரின் பங்கைக் குறைப்பது பெரும்பாலும் வறியவரின் தாகமன்று. அளவின்றி விடப்படும் பாசன நீரும், பேணப்படாத வாய்க்காலும், மாசுபடும் நிலத்தடி நீருமே அதனைக் குறைக்கின்றன. தாகித்திருப்பவர் பெயரால் வீண்விரயத்தைக் காத்தல் கூடாது.

தொழில்நுட்பம் வளர்ந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது இன்னொரு வாதம். வடக்கின் அனுபவம் இங்கு சிந்திக்கத்தக்கது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் எழுந்தபோது, அக்குளத்தை நம்பிய விவசாயிகள் எதிர்த்தனர். முடிவில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறந்து வைக்கப்பட்டது. அறிவியல் ஒரு வழக்கைத் தீர்த்தது உண்மையே. ஆயினும் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் இடையறாது வேண்டும். அதன் செலவை ஆண்டுதோறும் செலுத்தப்போகிறவர் பின்வருவோர். தொழில்நுட்பம் பங்கீட்டுப் பிரச்சினையை நீக்குவதில்லை, வேறோர் இடத்துக்கு மாற்றுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நீண்டகால நீர்த்திட்டம் ஒன்றுக்கு வேண்டிய சில அறநெறிகளை வகுக்கலாம். முதலாவது, முதலையும் வட்டியையும் பிரித்தறிதல். ஆண்டுதோறும் மழை தருவது வட்டி. மணலின்கீழ் உள்ள நன்னீர்ப் படலமும் வாவியின் உயிர்ச்சூழலும் முதல். வட்டியைப் பங்கிடும் உரிமை நமக்குண்டு. முதலைச் செலவிடும் உரிமை எத்தலைமுறைக்கும் இல்லை. இரண்டாவது, மீளமுடியாத செயல்களுக்கு அஞ்சுதல். முப்பதாண்டு கால எல்லையில் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம் 1977இன் பின் ஆறாண்டுகளுக்குச் சுருக்கப்பட்டது. விரைவு சில நன்மைகளை முன்கொணர்ந்தது. தவறு கண்டு திருத்திக்கொள்ளும் அவகாசத்தையோ சுருக்கியது. எதிர்காலத்தை அறியோம் என்று ஒப்புக்கொள்பவர், பின்வருவோர் மாற்றிக்கொள்ளக் கூடியவாறே கட்டுவார்.

மூன்றாவது, பற்றாக்குறையைப் பங்கிடும் விதியை மிகுதியுள்ள காலத்திலேயே எழுதிவைத்தல். வரண்ட வலயத்தில் பெத்ம என்றொரு பழைய முறை உண்டு. குளத்தில் நீர் குன்றிய போகத்தில், குளத்துக்கு அண்மையான நிலத்தை மட்டும் விதைத்து, அந்நிலத்தை எல்லா விவசாயிகளும் தத்தம் பங்குக்கேற்பத் தற்காலிகமாகப் பகிர்ந்துகொள்வர். தலைப்பில் நிலமுடையவன் அவ்வாண்டு தன் நிலத்தின் ஒரு பகுதியைக் கடைக்கோடிக்காரனுக்கு விடுகிறான். அதனை இரக்கம் என்று யாரும் கூறுவதில்லை, அது வழமை. நகருக்கும் வயலுக்கும், வயலுக்கும் வாவிக்கும் இடையில் இத்தகைய ஓர் உடன்பாடு இதுவரை வழமையாக வேரூன்றவில்லை. வருங்காலத் திட்டத்தின் உள்ளடக்கமாக அதுவே அமைதல் வேண்டும். நான்காவது, கடைக்கோடி விவசாயியும் மீனவரும் நீர் சுமக்கும் பெண்களும் முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம்பெறுதல். பிறவாதாரை நாம் அழைத்து வர முடியாது. அழைத்து வரக்கூடியவர்களையேனும் அழைத்தால், வராதவரைப் பற்றிய நினைவும் அவ்விடத்தில் தங்கும்.

கடமை உண்டா என்னும் முதலாம் வினாவுக்கு உண்டு என்பதே நம் விடை. யார் விட்டுக்கொடுப்பது என்னும் இரண்டாம் வினாவுக்கு, துரிசுக்கு அருகில் இருப்பவரே முதலில் என்பது விடை. துரிசுக்கு அருகில் இருத்தல் இடத்தால் மட்டும் நேர்வதன்று. செல்வத்தாலும் பதவியாலும் கல்வியாலும் அதற்கருகில் நிற்போர் உளர். பிறவாதார் அனைவரையும் நோக்க, இன்று வாழும் நாம் அனைவரும் காலத்தால் துரிசுக்கு அருகில் நிற்கிறோம். பல்கலைக்கழகத்திற் கற்று, நாளை திணைக்களங்களிலும் சபைகளிலும் அமர்ந்து இத்திட்டங்களை எழுதப்போகும் மாணவர் இதனைத் தம் தொழிலறிவின் பகுதியாகவே கொள்வாராக.